கோடு நகர்ந்தபோது: பதுளைத் தோட்டங்களும் புள்ளிவிபரவியலின் முதற்பாடமும்

2016 ஆம் ஆண்டில் இலங்கையின் பெருந்தோட்டத் துறையில் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்தோர் 8.8 விழுக்காடு. 2019 இல் அது 51.3 விழுக்காடு. இரண்டு எண்களும் ஒரே திணைக்களம் தந்தவை; தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போய்ச் சமூகவியலோ பொருளியலோ புவியியலோ படிக்கும் மாணவி ஒருத்தி இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வருடமும் அவளுடைய அம்மா அதே மலையில்தான் கொழுந்து பறித்தார். இருந்த லயமும் அதேதான். கடையில் வாங்கிய மாவும் சீனியும் பெரிதாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியிருக்க வறுமை ஏறத்தாழ ஆறு மடங்கு ஆனது எப்படி?

சமூக விஞ்ஞான மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியலைத் தொடங்கிவைக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை என்று நான் கருதுகிறேன். குறிப்பாக ஊவாவின் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு.

அவர்கள் இந்தப் பாடத்துக்கு வந்து சேரும் வழியை முதலில் சொல்லவேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் ஊவா மாகாணத்தில் மிகச் சிலவே. லுணுகலை, நமுனுகுல, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைக்குக் கலைப்பிரிவு பல வேளைகளில் விரும்பி எடுத்ததல்ல; எட்டிய தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான். பதுளையில் பசறை வீதியிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது என்றாலும் அது தொழில்நுட்பத்தையும் முகாமைத்துவத்தையும் முதன்மையாகக் கொண்டு ஆங்கில மொழியில் நடப்பது. ஆகவே கலைப்பிரிவுப் பிள்ளைகள் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போகிறார்கள். சாதாரண தரத்தோடு கணிதம் தொலைந்தது என்று ஆறுதல்பட்டவர்கள் முன்னால் அங்கே புள்ளிவிபரவியல் கட்டாயப் பாடமாக வந்து நிற்கிறது. நாணயம் சுண்டுவதிலும் தாயக்கட்டை உருட்டுவதிலும் பாடம் தொடங்குகிறது. சில வாரங்களில் சூத்திரங்கள். பிறகு கணினி ஆய்வுகூடத்தில் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள். இறுதி ஆண்டு ஆய்வேட்டில் ஐந்து படி அளவுத்திட்டத்தில் ஒரு வினாக்கொத்து, நான்கைந்து அட்டவணை, 'பி பெறுமதி 0.05 இலும் குறைவு' என்ற ஒரு வரி. பட்டமும் கிடைத்துவிடும். ஆனால் தன் தோட்டத்தைப் பற்றி அரசாங்கம் வெளியிட்ட ஓர் அட்டவணையை எடுத்துவைத்து, இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க அந்தப் பட்டதாரியால் பெரும்பாலும் முடிவதில்லை. பிழை மாணவரிடத்தில் இல்லை. பாடம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த இரண்டு எண்களுக்குத் திரும்புவோம். 2016 இல் அரசாங்கத்தின் வறுமைக் கோடு ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா. 2019 இல் 6,966 ரூபா. உயர்வு ஏறத்தாழ 67 விழுக்காடு. அந்த மூன்று வருட விலையேற்றம் அதற்கு அருகில்கூட வராது. நடந்தது வேறு. அதுவரை 2002 ஆம் ஆண்டு மக்கள் எதை உண்டார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்பதை வைத்துக் கோடு வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஆய்வின்போதும் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டு வந்தார்கள். 2019 ஆய்வுக்கு 2012/13 ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்டு புதுக் கோடு வரைந்தார்கள். பத்தாண்டுகளில் நாட்டில் வாழ்க்கைத் தேவை மாறியிருந்தது, கோடும் மாறியது. அதில் தவறில்லை. தவறு, பழைய கோட்டில் அளந்த எண்ணையும் புதுக் கோட்டில் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வறுமை ஆறு மடங்கானது' என்று எழுதுவதில் இருக்கிறது. அதே மூன்று வருடங்களில் தோட்டக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 34,804 ரூபாவிலிருந்து 46,865 ரூபாவாக ஏறியிருந்தது என்பதையும் மாணவி கண்டுபிடிப்பாளாயின் அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடும். கூடட்டும், பாடம் தொடங்குவது அங்கேதான்.

கோடு மாறியது நாடு முழுவதற்கும். ஆனால் நகரத்தில் வறியோர் 1.9 விழுக்காட்டிலிருந்து 6.0 ஆனார்கள், கிராமத்தில் 4.3 இலிருந்து 15.0 ஆனார்கள். தோட்டத்தில் மட்டும் 42.5 விழுக்காட்டுப் புள்ளிகள் ஏன்?

பதினொராம் தரத்தில் திரள் மீடிறன் வளையி வரையாமல் யாரும் சாதாரண தரப் பரீட்சைக்குப் போயிருக்க முடியாது. படுத்த எஸ் வடிவில் எழும் அந்த வளையியைக் காலணை காண்பதற்காக மட்டும் வரைந்து பழகியிருப்பார்கள். இப்போது கிடையச்சில் ஆளொருவரின் மாதச் செலவையும் நிலையச்சில் அந்தச் செலவுக்குக் கீழே வாழ்வோரின் விழுக்காட்டையும் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வறுமைக் கோடு என்பது கிடையச்சின் ஒரு புள்ளியில் நிமிரும் நேர்கோடு. வளையி தட்டையாகக் கிடக்கும் இடத்தில் அந்தக் கோட்டை வலப்பக்கம் நகர்த்தினால் எண் கொஞ்சம்தான் கூடும். வளையி செங்குத்தாக ஏறும் இடத்தில் நகர்த்தினால் எண் பாயும். நகரத்தின் செலவுகள் அகலமாகப் பரவியவை. தோட்டத்தின் செலவுகள் நெருங்கிக் கிடப்பவை: ஒரே நாட்சம்பளம், ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே குடும்ப அளவு. பழைய கோட்டுக்குச் சற்று மேலே தோட்ட மக்களில் பத்துக்கு நான்கு பேர் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். கோடு வலப்பக்கம் நகர்ந்ததும் அவர்கள் அனைவரும் கீழே வந்துவிட்டார்கள்.

இதே நெருக்கம் எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்திருக்கிறது. 2006/07 இல் தோட்டத் துறையின் வறுமை 32.0 விழுக்காடு, மூன்றே வருடத்தில், 2009/10 இல், 11.4. அப்போது கோடு மாறவில்லை, வளையிதான் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது. சம்பளத்தில் வந்த சிறிய உயர்வுகூடக் கூட்டமாகப் பலரைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிட்டது. தூக்கியது எவ்வளவு உயரத்துக்கு என்பதை 11.4 என்ற எண் சொல்லவில்லை. கோட்டுக்கு இருநூறு ரூபா மேலே நிற்பவரும் இருபதாயிரம் ரூபா மேலே நிற்பவரும் அந்த எண்ணுக்கு ஒன்றே. மலையகத்தில் வறுமை ஒழிகிறது என்று அந்த ஆண்டுகளில் மகிழ்ந்தவர்களும், 2019 எண்ணைக் கண்டு அதிர்ந்தவர்களும் ஒரே விடயத்தைக் கவனிக்கவில்லை: பரம்பலின் வடிவத்தை. ஒரு வளையியையும் ஒரு நேர்கோட்டையும் வைத்து இதை ஒரு மணி நேரத்தில் கற்பிக்கலாம்.

இடையும் இடையமும் இதனோடு சேர்ந்து வரும். அவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள். மாத வருமானம் ஆயிரம் ரூபாக் கணக்கில் 32, 35, 36, 38, 40, 42, 44, 46, 47; பத்தாவது வீட்டில் இரண்டு பேர் கட்டாரில் வேலை செய்கிறார்கள், 240. இடை 60, இடையம் 41. பத்தில் ஒன்பது குடும்பங்கள் 'சராசரிக்குக்' கீழே. இது நான் ஆக்கிய கணக்கு. ஆனால் 2019 இல் இலங்கைக் குடும்பமொன்றின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா என்ற உண்மைக் கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது.

அளத்தலுக்கு வருவோம். பாடநூல்கள் பொதுவாக இரண்டு பக்கத்தில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் தோட்டத்துப் பிள்ளை ஆசிரியரைவிட அதிகம் அறிந்தவள். கொழுந்து நிறுப்பதை அவள் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறாள். நாளுக்கு இரண்டு மூன்று முறை மலையிலேயோ கொழுந்து மடுவத்திலேயோ தராசு தொங்கும். சாக்குக்கென்றும் ஈரக் கொழுந்துக்கென்றும் கழிவு உண்டு. தராசின் முள் 7க்கும் 8க்கும் நடுவில் நின்றால் துண்டில் 7 என்று விழும். நாளின் முடிவில், பறித்தாகவேண்டிய அளவான நோர்ம் வந்திருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாட்சம்பளம்; வராவிட்டால் அரைப்பேர்.

இதற்குள் இரண்டு வகை வழு இருக்கிறது. முள் ஆடுவது, சாக்குகளின் எடை சற்றே வேறுபடுவது, இலையில் சில நாள் கொஞ்சம் பனி கூடுவது ஆகியவை ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் குறைக்கும். நீண்ட கணக்கில் ஒன்றையொன்று அழித்துவிடும். இது தற்செயல் வழு. கீழ்நோக்கி முழுக் கிலோவாக்குவது அப்படியல்ல. அது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் இழுக்கும். கிலோவின் பின்னப் பகுதி எந்த அளவிலும் சமமாக விழக்கூடியது என்று கொண்டால், நிறுவை ஒன்றுக்குச் சராசரி இழப்பு அரைக் கிலோ. நாளுக்கு மூன்று நிறுவை, மாதம் 22 நாள் வேலை என்றால் 33 கிலோ. நோர்ம் 18 கிலோவாக உள்ள தோட்டத்தில் அது ஏறத்தாழ இரண்டு நாளின் கொழுந்து. ஆயிரம் பேரின் கணக்கைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும், ஒரு வருடத் தரவைச் சேர்த்தாலும் இந்த வழு போகாது. தரவு பெருகப் பெருகத் தவறான விடை மேலும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான். மாதிரியைப் பெரிதாக்கினால் எல்லாப் பிழையும் தீரும் என்ற நம்பிக்கை ஆராய்ச்சி மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியது. அதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாக மறுக்கும் உதாரணத்தை எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை. இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. கருவி திருந்தினால் முள்ளின் வழு குறையும். எவ்வளவு கழிப்பது, எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பது கருவி அல்ல.

நோர்ம் என்பதும் ஒரு கோடு. 17.5 கிலோவும் 18 கிலோவும் இலையளவில் ஏறக்குறைய ஒன்று. பேரேட்டில் ஒன்று அரைப்பேர், மற்றது முழுப்பேர். ஆகவே தோட்டத்தின் அந்தப் பேரேடான செக்ரோலின் எண்களை மீடிறன் வரைபடமாக்கும் மாணவர் 18 இல் ஒரு குவியலைக் கண்டால் அதை இயற்கையின் பரம்பல் என்று கொள்ளக்கூடாது. கோடு கிழித்த இடத்தில் எண்கள் சேரும். வேலை செய்பவரும் கணக்கு எழுதுபவரும் அந்தக் கோட்டை அறிவார்கள்.

நியம விலகல் கலைப்பிரிவு மாணவர்களை மிரட்டும் சொல். மலையகத்துத் தாய்மார் அதை மாதம் ஒரு முறை கையில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். கிளினிக்குக்குக் கொண்டுபோகும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம், அதில் நிறம் தீட்டிய பட்டைகளாக வளையிகள் மேலேறும். மருத்துவிச்சி பிள்ளையை நிறுத்து, அளந்து, புள்ளி வைப்பார். நடுவளையி அந்த வயதுப் பிள்ளைகளின் இடையம். அதற்குக் கீழே செல்லும் வளையிகள் ஒரு நியம விலகல், இரண்டு நியம விலகல், மூன்று என்று இறங்குகின்றன. வயதுக்கான உயரம் இரண்டு நியம விலகலுக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளை வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளப்படும்.

இந்தப் புள்ளிகளைத் திரட்டினால் என்ன கிடைக்கும்? ஆரோக்கியமாக வளரும் பிள்ளைகளின் கூட்டத்தில், செவ்வன் பரம்பலின்படி, இரண்டு நியம விலகலுக்குக் கீழே விழக்கூடியவர்கள் ஏறத்தாழ 2.3 விழுக்காடு. அவ்வளவு பேர் இயல்பாகவே குள்ளமானவர்கள், அது நோயல்ல. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் 17.3 விழுக்காடு, தோட்டத் துறையில் 31.7. ஒப்பிட வேண்டியது 31.7ஐ 17.3 உடன் மட்டுமல்ல, 2.3 உடனும். தோட்டப் பிள்ளைகளின் முழுப் பரம்பலுமே இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். கோட்டுக்குக் கீழே உள்ள மூன்றிலொரு பங்குப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கோட்டுக்கு மேலே தப்பியதாகத் தோன்றும் பிள்ளைகளில் பலருக்கும் வளரவேண்டிய உயரத்தில் சில அங்குலம் கிடைக்கவில்லை.

'எங்கட ஆக்கள் பரம்பரையாகவே கட்டை' என்ற பேச்சு மலையகத்துக்குள்ளும் வெளியிலும் உண்டு. பதிவேட்டின் வளையிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது அதற்குப் பதில். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல உணவும் தாய்ப்பாலும் சுகாதாரமும் கிடைத்த பிள்ளைகளை அளந்து 2006 இல் இந்த நியமங்களை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட அந்தப் பருவத்தில் ஆறு நாட்டுப் பிள்ளைகளின் உயரமும் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோலவே இருந்தது. இந்தியப் பிள்ளைகளும் நோர்வேப் பிள்ளைகளும் ஒரே வளையியில் ஏறினார்கள். எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறோம், அந்தக் குழு எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற வினா, நியம விலகலின் சூத்திரத்தைவிட முன்னதாகக் கற்பிக்கப்பட வேண்டியது. சூத்திரத்தைக் கணினி செய்துவிடும்.

கருதுகோள் சோதனைக்குத் தேயிலையோடு பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று சுவைத்துச் சொல்ல முடியும் என்றார். அங்கே பணியாற்றிய ரொனால்ட் பிஷர் இந்த நிகழ்ச்சியை வைத்து 1935 இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், வரிசை எழுந்தமானம். எதுவும் தெரியாத ஒருவர் வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகப் பிரித்தெடுக்க எழுபதில் ஒரு வாய்ப்பு. உலகெங்கும் முதலாண்டு மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். பதுளை மாணவர்களுக்கு இதன் அடுத்த பகுதியையும் சொல்லலாம். ரொதம்ஸ்டட்டில் பிஷருடன் சேர்ந்து 1927 இலும் 1929 இலும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய தோமஸ் ஈடன், அதன்பின் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். தேயிலை வயற்பரிசோதனைகளில் வரும் வழுக்களைப் பற்றி அவர் 1931 இல் எழுதினார். நவீன புள்ளிவிபரவியல் தன் நூல்களை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் மலைநாட்டின் தேயிலைச் செடிகள் மீது அது சோதிக்கப்பட்டுக்கொண்டும் இருந்தது.

ஈடனுக்கு இருந்த சிக்கல் எந்தக் கங்காணிக்கும் தெரிந்தது. மலையின் உச்சியும் பள்ளமும் ஒன்றல்ல. உச்சியில் மண் அரித்துப்போயிருக்கும், பள்ளத்தில் கொழுந்து செழிக்கும். புதுப் பசளையைப் பள்ளத்துச் செடிகளுக்கும் பழையதை உச்சிச் செடிகளுக்கும் போட்டு, கிடைத்த வித்தியாசத்தைப் பசளையின் பெருமை என்று சொல்லிவிடலாம். இதைத் தவிர்க்க நிலத்தைத் தன்மையொத்த கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவேண்டும். சமூக விஞ்ஞானிக்கு மனிதரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் வசதி அரிது. லயத்தில் வசிக்கும் பிள்ளையையும் தனி வீட்டில் வசிக்கும் பிள்ளையையும் ஒப்பிட்டு, மதிப்பெண் வித்தியாசம் வீட்டால் வந்தது என்று எழுதும்போது, தனி வீடு கிடைத்த குடும்பம் ஏற்கனவே எந்த வகையில் வேறுபட்டது என்று கேட்டாகவேண்டும். வீட்டுத்திட்டத்தில் பெயர் வர எத்தனை விடயம் கூடிவரவேண்டும் என்பதைத் தோட்டத்து மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணைபுக்கு ஊவாவின் பருவமே போதும். ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை மலைச்சரிவில் இறங்கும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து குறையும். அந்தக் காலத்து ஊவாத் தேயிலைக்கு மணமும் கொழும்பு ஏலத்தில் விலையும் கூடும். மாதக் கொழுந்தையும் ஏல விலையையும் புள்ளிகளாக இட்டால் எதிர் இணைபு தெரியும். குறைவாகப் பறித்தால் விலை கூடும் என்று அதற்குப் பொருளல்ல. இரண்டையும் அசைப்பது காற்று.

பி பெறுமதியைப் பற்றி ஒன்று மட்டும். ஒன்றையொன்று சாராத இருபது சோடி மாறிகளை 0.05 மட்டத்தில் சோதித்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது 'முக்கியத்துவமுடையது' என்று வெளிவர 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கம் 2016 இல் இதைப் பற்றிப் பகிரங்க அறிக்கையே வெளியிட்டது. நம் ஆய்வேடுகளில் இருபது சோடி என்பது சாதாரணம்.

மாதிரி எடுத்தலில்தான் பதுளை மாணவர்களின் ஆய்வேடுகள் அதிகம் சறுக்குகின்றன. காலை பத்து மணிக்கு லயத்துக்குப் போய் வினாக்கொத்தை நிரப்புகிறார்கள். அந்த நேரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் மலையில். இளைஞர்கள் பதுளை, பண்டாரவளைக் கடைகளிலும் கொழும்பிலும். வீட்டில் இருப்போர் ஓய்வுபெற்ற முதியவர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார், சுகவீனமானவர்கள். அவர்களை வைத்துத் 'தோட்டத் தொழிலாளரின் தொழில் திருப்தி' எழுதப்படுகிறது. சம்பள நாளில் போனால் பாதி வீடு டவுனில். ஞாயிறு போனால் எல்லாரும் இருப்பார்கள், ஆனால் விறகும் துணி துவைப்பும் கோவிலும் காத்திருக்கும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டால் ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்க யாரும் சம்பளத்தைப் பற்றி மனம் திறக்கமாட்டார்கள். பிறர் எழுதிய மாதிரியெடுத்தல் அத்தியாயத்தில் இவை எதுவும் இராது. இந்த நாட்காட்டியை அறிந்தவர் தோட்டத்திலிருந்து வந்த மாணவர்தான். அவர் அதை முறையியலாக எழுத அனுமதிக்கப்படவேண்டும்.

தேசிய ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு. 2012 தொகைமதிப்பின்படி நாட்டு மக்களில் தோட்டத் துறையில் வாழ்வோர் 4.4 விழுக்காடு. ஏறத்தாழ 25,000 வீடுகளைக் கொண்ட மாதிரி மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்பப் பிரிந்தால், தோட்டங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வீடுகள் வரும். நாட்டளவில் மூன்று புள்ளி கூடவோ குறையவோ சொல்ல அது போதும். அதில் பதுளையின் பங்கு நூற்றுச் சொச்சம் என்றால் வழு எல்லை பத்துப் புள்ளி அளவுக்கு விரியும். ஒரே லயத்தில் பத்து வீடுகளைக் கேட்பது பத்துத் தனித் தகவலும் ஆகாது; அந்தப் பத்துக்கும் ஒரே துரை, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே பாடசாலை. பதுளைத் தோட்டங்களின் வறுமை என்று தசம புள்ளியோடு ஓர் எண்ணைக் காணும் மாணவர் முதலில் கேட்கவேண்டியது, எத்தனை வீடு, எத்தனை தோட்டம் என்பதே. தோட்டம் என்றால் என்ன என்றும் கேட்கவேண்டும். திணைக்களத்தின் வரையறையில் 20 ஏக்கருக்கு மேற்பட்டு, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டக்காணியே தோட்டத் துறை. அதற்கு வெளியே, பதுளை நகரத்தில் வாழும் மலையகத் தமிழர் நகரத் துறையில் சேருவார். தோட்டத்துக்குள் வாழும் சிங்களக் குடும்பம் தோட்டத் துறையில் சேரும். துறை வேறு, இனம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

இனப் பகுப்புக்கும் வரலாறு உண்டு. 1871 இல் தொடங்கிய இலங்கைத் தொகைமதிப்புகளில், 1901 ஆம் ஆண்டினதை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு அதற்கடுத்த 1911 ஆம் ஆண்டில்தான் வந்தது. 1971 இல் இந்தியத் தமிழர் 11.7 இலட்சம், 1981 இல் 8.2 இலட்சம். இடையில் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. 2012 இல் 8.4 இலட்சம், நாட்டில் 4.1 விழுக்காடு, அவர்களில் ஏறத்தாழ 1.5 இலட்சம் பேர் பதுளை மாவட்டத்தில். 2024 இல் 'இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்' என்ற புதிய தலைப்பின் கீழ் வந்த தொகை ஏறத்தாழ 6 இலட்சம், 2.8 விழுக்காடு.

மலையக மக்கள் அழிகிறார்களா என்ற அச்சம் இந்த எண்ணிலிருந்து எழுந்தது. அச்சம் நியாயமானது, ஆனால் விடை அட்டவணையிலேயே தேடக்கூடியது. 2012க்கும் 2024க்கும் இடையில் இலங்கைத் தமிழர் 22.7 இலட்சத்திலிருந்து 26.8 இலட்சமானார்கள். இரண்டு நிரல்களையும் கூட்டினால் 31.1 இலட்சம் 32.8 இலட்சமாகிறது; ஐந்தரை விழுக்காடு உயர்வு. முழு நாட்டின் உயர்வு ஏறத்தாழ ஏழு விழுக்காடு. ஆகவே ஒரு நிரலில் குறைந்தவர்களில் பெரும்பகுதியினர் மறு நிரலில் இருக்கிறார்கள் என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. ஆனால் சந்தேகம் சோதனையாகவேண்டும். அதை முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்யலாம்.

மூன்று விளக்கங்களை எடுத்துக்கொள்ளலாம்: பிறப்பு குறைந்தது, ஆட்கள் ஊரைவிட்டுப் போனார்கள், பதிவு மாறியது. மூன்றும் வயதுப் பரம்பலில் வெவ்வேறு தடம் விடும். பிறப்பு குறைந்திருந்தால் 2012க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் தொகையில் மட்டும் சரிவு தெரியும்; அதற்கு மேற்பட்ட வயதினரை அது தொடாது. ஆட்கள் போயிருந்தால் 2012 இல் பத்து முதல் பத்தொன்பது வயதாயிருந்தவர்கள் 2024 இல் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் மெலிந்து தெரிவார்கள்; அவர்களின் பாட்டிமார் அப்படியே இருப்பார்கள். பதிவு மாறியிருந்தால் ஐம்பது வயதினரும் எழுபது வயதினரும்கூட, இறப்பால் விளக்கமுடியாத அளவுக்குக் குறைந்து, அதே பிரதேச செயலகப் பிரிவில் அதே வயதில் இலங்கைத் தமிழர் நிரலில் கூடியிருப்பார்கள். பசறை, லுணுகலை, ஹாலி எல, ஹப்புத்தளை என்று பிரிவு பிரிவாக, பத்து வயது இடைவெளியில், இரண்டு தொகைமதிப்புகளையும் பக்கத்தில் வைத்து இதைப் பார்க்கவேண்டும். ஒரு பிரிவில் காணும் விடை இன்னொன்றில் இராமல் போகலாம். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். இளைஞர்களின் தொகை மெலிந்திருக்கும் இடத்தில் அவர்கள் நாட்டைவிட்டே போனார்களா, கொழும்பு, கம்பஹா மாவட்டங்களுக்குப் போனார்களா என்பதை அந்த மாவட்டங்களின் அட்டவணைகளில் அதே வயதினரைத் தேடிப் பார்த்த பிறகே சொல்லமுடியும்.